பதினான்கு புள்ளி வண்டும் பெயரில்லாத வண்டும்: ‘புதிய இனம்’ என்பது எப்படி முடிவாகிறது?

வீட்டின் பின்புறம் கெடோண்டோங் மரம் வைத்திருப்பவர்கள் இந்த வண்டைப் பார்த்திருக்கக்கூடும். ஒரு சென்டிமீட்டரைவிடச் சற்று நீளம். மஞ்சளும் பழுப்பும் கலந்த முதுகில் கரும்புள்ளிகள். இதன் புழுக்கள் தங்கள் கழிவையே முதுகில் பூசிக்கொண்டு இலைகளில் ஊர்ந்து திரியும். புழுவும் தின்னும், வண்டும் தின்னும். கவனிக்காமல் விட்டால் சில வாரங்களில் மரம் மொட்டையாகிவிடும்.

முதுகில் உள்ள புள்ளிகளை எண்ணினால் பக்கத்துக்கு ஏழு, மொத்தம் 14. அதுவே இதன் அறிவியல் பெயராகவும் அமைந்தது. போடோன்டியா குவாட்டுவோர்டெசிம்பங்டாட்டா என்ற அந்த நீளமான பெயரின் பின்பாதிக்கு லத்தீன் மொழியில் ‘14 புள்ளி கொண்டது’ என்று பொருள். சுவீடனைச் சேர்ந்த இயற்கை அறிஞர் கார்ல் லின்னேயஸ் 1767ஆம் ஆண்டிலேயே இதற்குப் பெயர் சூட்டிவிட்டார்.

இப்படிப் பெயர் பெற்ற வண்டுகள் ஏராளம். பெயர் பெறாதவையும் ஏராளம். ‘புள்ளிகள் கொண்ட புதிய இலைவண்டு கண்டுபிடிப்பு’ என்று அவ்வப்போது செய்தி வரும்போது பலருக்கும் ஒரு கேள்வி எழும். ஒரு வண்டைப் பார்த்த மாத்திரத்தில் அது புதியது என்று எப்படிச் சொல்கிறார்கள்? யார் சொல்கிறார்கள்? சொல்வதால் என்ன பயன்?

சுருக்கமான விடை இதுதான். பார்த்த மாத்திரத்தில் யாரும் சொல்வதில்லை. ஒரு பூச்சி கண்ணில் படுவதும், அது புதிய இனம் என்று உறுதியாவதும் வெவ்வேறு நிகழ்வுகள். இரண்டுக்கும் இடையே பல ஆண்டுகள் கடந்துவிடுவது வழக்கம்.

பொறிவண்டு வேறு, இலைவண்டு வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. புள்ளி வைத்த சிறிய வண்டு எதைப் பார்த்தாலும் பொறிவண்டு என்று சொல்லிவிடுகிறோம். பொறிவண்டுகளில் பெரும்பாலானவை செடிப்பேன் போன்ற சிறு பூச்சிகளைத் தின்பவை. அதனால் தோட்டக்காரர்களுக்கு அவை நண்பர்கள். இலைவண்டுகள் தனிக் குடும்பம். இலை, பூ, வேர், தண்டு என்று தாவரத்தையே உண்டு வாழ்பவை. உலகில் இதுவரை 35,000க்கும் அதிகமான இலைவண்டு இனங்கள் பெயரிடப்பட்டுள்ளன. வண்டுக் குடும்பங்களில் மிகப் பெரியவற்றுள் இதுவும் ஒன்று.

வேறுபாட்டைக் கண்டறியச் சில எளிய அடையாளங்கள் உண்டு. பொறிவண்டின் உணர்கொம்புகள் குட்டையானவை, நுனி சற்றுத் தடித்திருக்கும். பெரும்பாலான இலைவண்டுகளின் உணர்கொம்புகள் நூல்போல் நீண்டவை. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாதத்தைப் பார்த்தால் பொறிவண்டுக்கு மூன்று கணுக்கள் இருப்பதுபோலவும் இலைவண்டுக்கு நான்கு கணுக்கள் இருப்பதுபோலவும் தெரியும். இரண்டிலும் மிகச் சிறிய கணு ஒன்று மறைந்திருக்கிறது என்பது வேறு விஷயம்.

உணவை மட்டும் வைத்து முடிவு செய்தால் தவறிவிடலாம். கத்திரிச் செடியின் இலையைச் சல்லடையாக அரித்துவிடும் 28 புள்ளி வண்டு, இலையைத் தின்றாலும் பொறிவண்டுக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

புள்ளியை எண்ணினால் போதாதா?

புள்ளிகளின் எண்ணிக்கையும் அமைப்பும் மாறினால் அது புதிய இனம்தானே என்று தோன்றும். லின்னேயஸ் காலத்தில் ஓரளவு அப்படித்தான் நடந்தது. ஆனால் புள்ளி ஏமாற்றக்கூடியது.

ஆசியாவைப் பூர்வீகமாகக் கொண்ட ஹார்மோனியா அக்சிரிடிஸ் என்ற பொறிவண்டு இதற்கு நல்ல சான்று. ஒரே இனத்தில் சில வண்டுகள் புள்ளியே இல்லாத செந்நிறத்தில் இருக்கும். சிலவற்றுக்கு 19 கரும்புள்ளிகள் இருக்கும். இன்னும் சில கரிய முதுகில் இரண்டு அல்லது நான்கு சிவப்புப் புள்ளிகளோடு இருக்கும். இந்த ஒரே இனத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தோற்ற வகைகள் பதிவாகியுள்ளன. புள்ளியை மட்டும் நம்பியிருந்தால் ஒரே வண்டுக்கு நூறு பெயர்கள் வைத்திருப்போம்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. அமெரிக்கக் கண்டத்தில் காலிகிராஃபா என்ற இலைவண்டுப் பேரினம் இருக்கிறது. முதுகிலுள்ள புள்ளிகளும் வளைகோடுகளும் எழுதி வைத்ததுபோல் இருப்பதால் ‘அழகிய எழுத்து’ என்று பொருள்படும் அந்தப் பெயர் அதற்கு வந்தது. அவற்றில் பல இனங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஆனால் ஒன்று ஒரு மரத்தின் இலையை உண்ணும், இன்னொன்று வேறு மரத்துக்குப் போகும். அவற்றுள் சில இனங்களில் ஆண் வண்டே இல்லை. பெண் வண்டுகள் மட்டுமே தலைமுறை தலைமுறையாகப் பெருகுகின்றன. இவ்வளவு பெரிய வேறுபாட்டையும் முதுகுப் புள்ளி சொல்லிவிடாது.

வயதும் தோற்றத்தை மாற்றும். கூட்டுப்புழு நிலையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த வண்டு வெளிறியிருக்கும். புள்ளிகள் தெளிவாக விழச் சிறிது நேரம் ஆகும். இறந்த பிறகும் நிறம் மாறலாம். ஆமை ஓடு போன்ற முதுகுடைய சில இலைவண்டுகள் உயிருடன் இருக்கும்போது தங்கம்போல் மின்னும். இறந்ததும் அந்த மினுமினுப்பு மறைந்து மங்கலான பழுப்பாகிவிடும்.

ஆகவே ஆய்வாளர்கள் இன்று புள்ளியோடு நிற்பதில்லை. உணர்கொம்பின் ஒவ்வொரு கணுவின் நீளம், முதுகுக் கவசத்திலுள்ள நுண்குழிகளின் வரிசை, தொடையின் தடிமன் ஆகியவற்றை நுண்ணோக்கியில் அளக்கிறார்கள். ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பைத் தனியே எடுத்து வரைகிறார்கள். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் இனங்கள்கூட இந்த உறுப்பின் வடிவத்தில் வேறுபடுவது வழக்கம். அண்மை ஆண்டுகளில் மரபணுச் சோதனையும் சேர்ந்துள்ளது.

புரூணை காட்டிலிருந்து ஒன்றேகால் மில்லிமீட்டர்

போர்னியோ தீவிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு கிடைக்கிறது. புரூணையின் உலு தெம்புரோங் காட்டில் கோலா பெலாலோங் கள ஆய்வு நிலையம் உள்ளது. புரூணை டாருஸ்ஸலாம் பல்கலைக்கழகம் நடத்தும் நிலையம் அது. நெதர்லாந்தைச் சேர்ந்த உயிரியலாளர் மென்னோ ஸ்கில்ட்ஹவுசன் குழுவினர், பூச்சியியல் படிக்காத பொதுமக்களையும் அங்கே ஆய்வுப் பயணம் அழைத்துச் செல்கின்றனர்.

அத்தகைய பயணம் ஒன்றில், காட்டுத் தரையில் உதிர்ந்து கிடந்த இலைச் சருகைச் சலித்தபோது ஓர் இலைவண்டு கிடைத்தது. நீளம் வெறும் 1.25 மில்லிமீட்டர். வெறும் கண்ணுக்கு ஒரு மண் துகள் போலத்தான் தெரியும். அதை ஆராய்ந்து ஒப்பிட்டதில் புதிய இனம் என்று தெரியவந்தது. 2019ஆம் ஆண்டில் கிளாவிகார்னால்டிகா பெலாலோங்கென்சிஸ் என்ற பெயரில் அதன் விவரிப்பு ஆய்விதழில் வெளியானது.

பெயரைப் பிரித்துப் பார்த்தால் பொருள் விளங்கும். முதல் சொல், நுனி தடித்த உணர்கொம்பு உடைய, தாவிக் குதிக்கும் இலைவண்டு வகையைக் குறிக்கிறது. இரண்டாவது சொல்லுக்குப் பெலாலோங்கைச் சேர்ந்தது என்று பொருள். ஒரு சிற்றாற்றின் பெயர் உலக அறிவியல் பதிவேட்டில் ஏறிவிட்டது.

இந்த வண்டு 2019ஆம் ஆண்டில் பிறந்ததல்ல. மனிதன் அந்தக் காட்டில் கால் வைப்பதற்கு முன்பிருந்தே அங்கு வாழ்ந்திருக்கக்கூடியது. ‘புதியது’ என்பது அறிவியல் பதிவேட்டுக்குப் புதியது என்ற பொருளில் மட்டும்தான்.

பெயர் வைக்கும் முறை

விலங்குகளுக்குப் பெயர் சூட்ட அனைத்துலக விதித்தொகுப்பு ஒன்று உள்ளது. இப்போது நடைமுறையில் இருப்பது அதன் நான்காம் பதிப்பு. 2000ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதன்படி ஒரு பெயர் செல்லுபடியாகச் சில கட்டாய நிபந்தனைகள் உள்ளன.

முதலாவது, பெயருக்கு இரண்டு சொற்கள் வேண்டும். ஒன்று பேரினத்தைக் குறிக்கும், மற்றது இனத்தைக் குறிக்கும். குடும்பப் பெயரும் சொந்தப் பெயரும் போல என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, மற்ற இனங்களிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது என்ற விவரிப்பு வெளியிடப்பட வேண்டும். இணையத்தில் மட்டும் வெளியாகும் கட்டுரைகளும் 2012 முதல் ஏற்கப்படுகின்றன. அவை ஸூபேங்க் என்ற பொதுப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும்.

மூன்றாவது, ‘இதுதான் அந்த இனம்’ என்று சுட்டிக்காட்ட ஒரே ஒரு மாதிரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதை மூலமாதிரி எனலாம். அது எந்த அரும்பொருளகத்தில் வைக்கப்படுகிறது என்பதையும் கட்டுரையில் சொல்ல வேண்டும். நாளை யாருக்காவது ஐயம் வந்தால் அந்த மூலமாதிரியைப் பார்த்துத்தான் தீர்வு காண முடியும். ஓலைச்சுவடியில் பாடவேறுபாடு வந்தால் மூலச் சுவடியைத் தேடுவதுபோல.

மிக முக்கியமான விதி, முந்திய பெயருக்கே முன்னுரிமை என்பது. ஒரே வண்டுக்கு 1860களில் ஒருவரும் 1990களில் இன்னொருவரும் பெயர் வைத்திருந்தால் பழைய பெயரே நிற்கும். இதனால்தான் புதிய இனம் என்று அறிவிப்பதற்கு முன் பழைய கட்டுரைகள் அனைத்தையும் புரட்ட வேண்டியிருக்கிறது. லத்தீன், ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளில் நூறாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட நான்கு வரிக் குறிப்புகளும் அவற்றுள் அடங்கும். மூலமாதிரிகளோ லண்டன், லைடன், பெர்லின் என்று பல நகரங்களில் சிதறிக் கிடக்கின்றன.

ஓர் உயிரினம் முதன்முதலில் சேகரிக்கப்படுவதற்கும் அதற்குப் பெயர் கிடைப்பதற்கும் சராசரியாக 21 ஆண்டுகள் ஆகின்றன என்று பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2012ஆம் ஆண்டில் கணக்கிட்டனர். அந்தக் காலம் முழுவதும் அது அரும்பொருளகப் பெட்டியில் ஊசி குத்தப்பட்டுக் காத்திருக்கிறது. அதற்குள் அது பிடிபட்ட காடே இல்லாமல் போய்விடவும் கூடும்.

அன்று லண்டனில், பின்னர் பாங்கியில்

மூலமாதிரிகள் ஏன் இவ்வளவு தொலைவில் இருக்கின்றன என்பதற்கு வரலாறு விடை சொல்லும்.

1854ஆம் ஆண்டில் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். புக்கிட் தீமாவில் ஏறத்தாழ ஒரு சதுர மைல் பரப்புக்குள், சுமார் இரண்டு மாதங்களில் 700 வகை வண்டுகளைச் சேகரித்ததாக அவர் எழுதியிருக்கிறார். மரங்கள் வெட்டப்பட்டுக்கொண்டிருந்த காடு அது. வெட்டிய மரத்தின் வாசத்துக்கு வண்டுகள் கூடின. காடு அழிந்துகொண்டிருந்ததே அவருக்கு வசதியாக அமைந்தது என்பது கசப்பான உண்மை.

அடுத்த ஆண்டு சரவாக்கின் சிமுஞ்சான் பகுதியில் தங்கி, பூச்சி ஒன்றுக்கு ஒரு காசு என்று விலை பேசி உள்ளூர் டயாக் மக்களிடமும் சீனத் தொழிலாளர்களிடமும் பூச்சிகளை வாங்கினார். போர்னியோவில் அவர் சேர்த்த வண்டு வகைகள் ஏறக்குறைய 2,000. பெரும்பாலானவை சிமுஞ்சானில் கிடைத்தவை.

அந்த வண்டுகள் கப்பலேறி இங்கிலாந்து சென்றன. அவற்றுள் இலைவண்டுகளை ஆராய்ந்து 1860களில் விவரித்தவர் ஜோசப் பேலி என்ற ஆங்கிலேயர். தொழிலால் மருத்துவர். பிடித்துக் கொடுத்தவர்கள் சரவாக்கில், பெயர் வைத்தவர் இங்கிலாந்தில். பிடித்துக் கொடுத்தவர்களில் பெரும்பாலோரின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை.

நூறாண்டுக்குப் பின்னரே நிலைமை மெல்ல மாறியது. பாங்கியிலுள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் முகமட் சாலே முகமட்சைட் தமது ஆய்வு வாழ்க்கையை இலைவண்டுகளுக்கே செலவிட்டார். மலேசியாவிலிருந்து பல புதிய இனங்களை விவரித்தார். நாட்டில் அறியப்பட்ட இலைவண்டுகள் அனைத்தையும் தொகுத்து அவர் எழுதிய பட்டியல் நூல் 2004ஆம் ஆண்டில் வெளிவந்தது. இன்று மலேசியாவில் இலைவண்டு பற்றி ஆராய்பவர் முதலில் கையில் எடுக்க வேண்டிய நூல் அது. சிங்கப்பூரில் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம் தென்கிழக்காசிய உயிரினங்களின் மூலமாதிரிகளைப் பாதுகாத்து வருகிறது.

ஆனாலும் ஒரு பூச்சிக் குடும்பத்தை முழுமையாக அறிந்தவர்கள் எந்த நாட்டிலும் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கின்றனர். இந்தத் திறன் ஓரிரு ஆண்டுகளில் கைவருவதல்ல. மூத்தவரிடம் பக்கத்தில் இருந்து கற்க வேண்டியது. ஒருவர் ஓய்வுபெறும்போது அவரிடம் கற்றவர் இல்லையென்றால் அந்தக் குடும்பத்தின் அறிவே அறுபட்டுவிடும்.

பெயர் தவறினால் என்ன ஆகும்?

ஒரு சின்ன வண்டுக்கு இவ்வளவு பாடா என்று கேட்பவர்களுக்கு, சல்வீனியாவின் கதை பதில் சொல்லும்.

தண்ணீரில் மிதந்து பெருகும் களைச்செடி சல்வீனியா. இலங்கைக்கு அது 1939இல் வந்து சேர்ந்தது. கேரளாவில் வயல்களையும் கால்வாய்களையும் மூடிப் படகுப் போக்குவரத்தையே நிறுத்தியது. ஆப்பிரிக்காவின் கரிபா ஏரியிலும் படர்ந்தது. அந்தச் செடி, தென்னமெரிக்காவில் ஏற்கெனவே அறியப்பட்ட சல்வீனியா ஆரிகுலாட்டா என்றே பலகாலம் நம்பப்பட்டது. அதை உண்ணும் பூச்சிகளை அந்தச் செடி வளரும் இடங்களில் தேடினார்கள். டிரினிடாடிலிருந்து கொண்டுபோய் ஆப்பிரிக்காவில் விட்ட கூன்வண்டால் களை அடங்கவில்லை.

1972ஆம் ஆண்டில்தான் இது வேறு இனம் என்று தெளிவாகி, சல்வீனியா மொலெஸ்டா என்ற தனிப்பெயர் கிடைத்தது. அதன் பூர்வீகம் தென்கிழக்குப் பிரேசில் என்று 1978இல் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே அந்தச் செடியைத் தின்றுகொண்டிருந்த சிறிய கரிய கூன்வண்டை எடுத்துவந்து 1980இல் ஆஸ்திரேலியாவின் மூன்டாரா ஏரியில் விட்டார்கள். ஓராண்டுக்குச் சற்று மேலான காலத்தில் களை ஏறக்குறைய முழுவதும் அழிந்தது.

அந்த வண்டையும் முதலில் டிரினிடாட் வண்டு என்றே நினைத்தார்கள். இரண்டும் பார்ப்பதற்கு அவ்வளவு ஒற்றுமை. அது தனி இனம் என்று விவரிக்கப்பட்டு, சிர்ட்டோபாகஸ் சல்வீனியே என்ற பெயர் பெற்றது 1985ஆம் ஆண்டில். பின்னர் அதே வண்டு கேரளத்திலும் இலங்கையிலும் களையைக் கட்டுப்படுத்த உதவியது.

செடியின் பெயரும் வண்டின் பெயரும் தவறாக இருந்ததால் வீணானவை பல ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் மீன்பிடிக்க முடியாமல், நாற்று நட முடியாமல் தவித்தவர்கள் ஆற்றோர மக்கள். வகைப்பாட்டியல் ஏட்டோடு நிற்கும் படிப்பல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

காட்டைப் பாதுகாப்பதிலும் இதே நிலைதான். ஒரு மலைச்சரிவை வெட்டலாமா கூடாதா என்று ஆராயும்போது அங்கே என்னென்ன உயிரினங்கள் இருக்கின்றன என்ற பட்டியல் கேட்கப்படும். பெயரில்லாத வண்டு அந்தப் பட்டியலில் ஏறாது. பட்டியலில் இல்லாததை இழந்தால் இழந்தது யாருக்கும் தெரியாது.

பொதுமக்கள் என்ன செய்யலாம்?

பெலாலோங் வண்டு காட்டியதுபோல, பட்டம் இல்லாதவர்களும் இதில் பங்களிக்க முடியும். அதற்குச் சில நெறிமுறைகள் உண்டு.

பிடிக்க வேண்டாம், படம் எடுத்தால் போதும். சிங்கப்பூரின் இயற்கை வனப்பகுதிகளில் பூச்சிகளைச் சேகரிக்கத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். மலேசியாவில் உயிரியல் வளங்களைப் பெறுவதையும் அவற்றின் பயனைப் பகிர்வதையும் முறைப்படுத்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சபாவுக்கும் சரவாக்கிற்கும் தனிச் சட்டங்கள் உள்ளன.

படம் எடுக்கும்போது முதுகை மட்டும் எடுக்காமல் பக்கவாட்டையும் தலையையும் உணர்கொம்பையும் சேர்த்து எடுப்பது நல்லது. இடத்தையும் தேதியையும் குறித்துக்கொள்ள வேண்டும். எந்தச் செடியில் இருந்தது, அந்த இலையைத் தின்றுகொண்டிருந்ததா வெறுமனே உட்கார்ந்திருந்ததா என்பதையும் எழுதி வைக்கலாம். அரும்பொருளகங்களில் உள்ள பழைய மாதிரிகள் பலவற்றில் ஊர்ப்பெயர் மட்டுமே இருக்கிறது. அந்த வண்டு எதை உண்டு வாழ்ந்தது என்ற குறிப்பு இல்லை. தோட்டத்தில் நின்று பத்து நிமிடம் கவனிக்கும் ஒருவரால் அந்த இடைவெளியை நிரப்ப முடியும். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற பொதுத்தளங்களில் பதிவேற்றினால் துறை வல்லுநர்களின் பார்வைக்கும் அது செல்லும்.

கெடோண்டோங் மரத்து வண்டுக்கு 250 ஆண்டுகளுக்கு முன்பே பெயர் கிடைத்துவிட்டது. அதனால் அது எந்த மரத்தைத் தின்னும், எப்போது பெருகும், எப்படிக் கட்டுப்படுத்துவது என்று தேடினால் விடை கிடைக்கிறது. அதே மரத்தடியில், உதிர்ந்த இலைகளுக்கு அடியில் ஊர்ந்துகொண்டிருக்கும் ஒரு துகளளவு வண்டுக்கு அந்த வாய்ப்பு இன்னும் கிட்டாமல் இருக்கலாம். சருகைக் கூட்டித் தீ வைப்பதற்கு முன் ஒருமுறை குனிந்து பார்ப்பதில் நட்டம் ஒன்றுமில்லை.